அடித்து எழுதப்பட்ட ஒரு சொல்

1943-ல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஒருவர் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் பட்டம் பெற்றார். அவருக்குத் தரவேண்டிய சான்றிதழ் ஆங்கிலத்தில் முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்பட்ட ஒரு படிவம். பெயரையும் பிரிவையும் நிரப்பினால் வேலை முடிந்தது. அந்த முறை மட்டும் ஒரு சிக்கல். பட்டதாரியைக் குறிக்கும் இடத்தில் 'ஹி' என்று ஆண்பாலில் அச்சாகியிருந்தது. பட்டம் பெற்றவரோ பெண். 'ஹி'யை அடித்துவிட்டு 'ஷி' என்று திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஏ. லலிதா. இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்களில் ஒருவர். 1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த வயது விதவைக்கு வீட்டில் ஒதுக்கப்பட்ட இடம் எது என்பதைத் தம் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லலிதா பின்கட்டுக்குப் போகவில்லை, கிண்டிக்குப் போனார். அவருடைய தந்தை அதே கல்லூரியில் எலெக்ட்ரிகல் பேராசிரியர். அவர் முதல்வரிடம் பேசினார், கல்வித் துறையும் சம்மதித்தது. அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் ஒரு பெண் நுழைந்தார். அவரைத் தொடர்ந்து பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என இரண்டு பேர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். இவர்களில் திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்தார். சிம்லாவில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்றிலும், பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸிலும் வேலை பார்த்தார். மின்கம்பித் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் திட்டத்திலும் அவருடைய உழைப்பு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது அதில் கலந்துகொண்டார். 1979-ல் இறந்தார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு விஷயம் இருக்கிறது. ஏன் சிம்லா? ஏன் கல்கத்தா? அங்கெல்லாம் அவருடைய சகோதரர்கள் இருந்தார்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு தேவைப்பட்டது. எந்தத் துறையில் தனக்கு ஆர்வம், எந்த நிறுவனத்தில் நல்ல வேலை என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். முதல் கேள்வி, குழந்தையை யாரிடம் விடுவது என்பதே. அவருடன் படித்த ஆண்களில் எத்தனை பேர் தம் அண்ணன் தம்பி இருக்கும் ஊரைப் பார்த்து வேலை தேடியிருப்பார்கள்?

சான்றிதழில் இருந்த 'ஹி'யைத் திருத்த ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வேலையின் நேரம், வேலை பார்க்கும் இடம், மாற்றல், பதவி உயர்வு ஆகியவற்றின் விதிகளில் எழுதாமல் எழுதப்பட்டிருக்கும் 'ஹி'யை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் முழுதாக அடிக்கவில்லை.

எனக்கு மொழிபெயர்ப்பு தொழில் என்பதால் இந்தச் சான்றிதழ் விவகாரத்தில் இன்னொரு சுவாரஸ்யம். அது தமிழில் அச்சாகியிருந்தால் அடிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. விஞ்ஞானி, பொறியாளர், பேராசிரியர், இயக்குநர் என்ற சொற்களுக்குத் தமிழில் ஆண் பெண் பேதம் இல்லை. பலர்பாலுக்கு உரிய 'அர்' விகுதியை மரியாதைக்காக ஒருவருக்கும் கொடுத்து 'அவர்' என்கிறோம். ஆங்கிலம் தடுமாறும் இடத்தை நம் மொழி அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடுகிறது.

இதில் பெருமைப்பட ரொம்ப இல்லை. 'விஞ்ஞானி இரவு பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பினார்' என்று எழுதிப் பாருங்கள். உங்கள் மனதில் வந்து நிற்பவர் யார்? அது ஒரு பெண் என்றால் 'பெண் விஞ்ஞானி' என்று நாம் எழுதியாக வேண்டியிருக்கிறது. 'ஆண் விஞ்ஞானி' என்று எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்த்ததில்லை. இலக்கணத்தில் இல்லாத பால் வேறுபாடு எண்ணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது, தமிழில் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்களை விஞ்ஞானத்திலிருந்து விலக்கி வைத்த வரலாற்றிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. வெளிப்படையாகச் சொன்ன 'கூடாது' ஒன்று. யாரும் வாய் திறந்து சொல்லாத 'கூடாது' இன்னொன்று.

முதல் வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம் கமலா ஸோஹோனி. திருமணத்துக்கு முன் கமலா பாக்வத். பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று, 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் சித்தப்பாவும் அதே கழகத்தில் ரசாயனம் படித்தவர்கள். இயக்குநராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதிப்பெண் காரணம் இல்லை, பெண் என்பதுதான் காரணம். கமலா நேரே பெங்களூர் போய், காரணம் கேட்டு, இடம் தரும்வரை நகர மாட்டேன் என்று நின்றார். அது காந்தியின் காலம். ராமன் இறங்கி வந்தார், ஆனால் நிபந்தனைகளோடு. முதல் ஒரு வருடம் தற்காலிகச் சேர்க்கைதான். வேலையின் தரம் இயக்குநருக்குத் திருப்தி தந்தால் மட்டுமே அங்கீகாரம். அங்குள்ள ஆண்களின் கவனம் சிதறும்படி நடந்துகொள்ளக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண்களின் கவனம் சிதறினால் அதற்குப் பொறுப்பு கமலா! அவர் அந்த வருடத்தை முடித்தார். ராமன் மனம் மாறினார். அதன்பிறகு பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. கமலா 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். தாவர செல்களில் 'சைட்டோகுரோம் சி' என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்தது அவருடைய முக்கியமான சாதனை. நாடு திரும்பி, சாதாரண மக்கள் உண்ணும் உணவுகளின் சத்தையும் பதநீரின் ஊட்டத்தையும் ஆராய்ந்தார். ராமன் பெரிய விஞ்ஞானி என்றாலும் அன்று தன்னை நடத்திய விதத்தைத் தன்னால் மறக்க முடியவில்லை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கமலா வெளிப்படையாகவே சொன்னார்.

இப்போது இரண்டாவது வகை. பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1940-ல் அதே ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனி ஒருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆய்வேட்டை அனுப்பினார். டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். செய்த ஆராய்ச்சியில் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு காகிதம் குறைந்தது.

அன்னா மணி அதற்காக ஓய்ந்துவிடவில்லை. லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே தயாரிக்க வழி செய்தார். சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். இன்று சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் பற்றிப் பேசுகிறோமே, எந்த ஊரில் எவ்வளவு வெயில், எவ்வளவு காற்று என்ற அடிப்படைக் கணக்குகளைத் திரட்டித் தந்தவர்களில் அவர் முன்னோடி. பெண் என்பதால் தான் கஷ்டப்பட்டதாகப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அந்தப் பேச்சையே அவர் ஒதுக்கித் தள்ளினார்.

அவர் சொன்னதை நாம் மதிக்க வேண்டும். பட்டம் மறுத்த விதியில் 'பெண்' என்ற சொல் இல்லை என்பதும் உண்மை. என் கேள்வியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கமலாவிடம் 'நீ பெண், அதனால் கூடாது' என்றார்கள். அதனால் அவர் எதிர்த்து நிற்க முடிந்தது. விதி பொதுவானது என்று சொல்லும்போது யாரிடம் போய் நிற்பது? எதைக் கேட்பது?

இன்றைய நிலைமைக்கு வருவோம். முதலில் நல்ல செய்தி. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இளநிலைப் பட்டம் முதல் பி.எச்டி. வரை விஞ்ஞானப் பாடங்கள் படிப்பவர்கள் 57.2 லட்சம் பேர். இதில் பெண்கள் 29.8 லட்சம். ஆண்கள் 27.4 லட்சம். ஆம், பெண்கள்தான் அதிகம். பொறியியலில் மட்டும் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அடுத்த செய்தி அவ்வளவு நல்லதல்ல. மத்திய விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையின் புள்ளிவிவரப்படி, 2018 ஏப்ரல் 1 அன்று நாட்டில் ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர்கள் சுமார் 3.42 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 56,747. அதாவது 16.6 சதவீதம். இரண்டாவது கணக்கில் பொறியியலும் தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளும் சேர்ந்திருப்பதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. இன்று படிக்கும் பெண்கள் வேலைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதும் நியாயமான வாதம். இதற்கெல்லாம் இடம் கொடுத்த பிறகும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. வகுப்பறையில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒருவராகக் குறைகிறார்கள். நடுவில் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'கல்யாணம், குழந்தை, குடும்பம். நாங்கள் என்ன செய்ய முடியும்?' நிறுவனங்களின் தலைவர்கள் இதை அனுதாபத்தோடு சொல்வார்கள். 2010-ல் இந்திய அறிவியல் அகாதமியும் பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்தது. டாக்டர் பட்டம் பெற்ற ஐநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமும், ஒப்பிட்டுப் பார்க்க ஆண்களிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. பெண்கள் ஆராய்ச்சியை விட்டு விலகக் குடும்பம்தான் காரணம் என்று ஆண்கள் நினைத்தார்கள். விலகிய பெண்கள் முக்கியமாகச் சொன்னது வேறு. தம் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை என்றார்கள்.

இன்னொரு தகவலும் அந்த ஆய்வில் உண்டு. ஆராய்ச்சியில் நிலைத்த பெண்களில் சுமார் 14 சதவீதம் பேர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆண்களில் இது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஆண் விஞ்ஞானிக்குக் குடும்பமும் உண்டு, விஞ்ஞானமும் உண்டு. பெண்ணிடம் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். பிறகு, அவள் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று வருத்தப்படுகிறோம்.

வேலை ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் 'பொதுவான' விதிகள் வருகின்றன. ஒரு பெண் பி.எச்டி. முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கும். அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு இரண்டு மூன்று வருடங்கள், முடிந்தால் வெளிநாட்டில். அதே வருடங்களில்தான் பிரசவமும் கைக்குழந்தையும். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் விளம்பரத்தில் இருக்கும் வயது வரம்பு தாண்டியிருக்கும். விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் அந்த விதி இடறிவிடுவது பெரும்பாலும் பெண்ணைத்தான்.

நாட்டின் பெரிய விஞ்ஞான விருதாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கருதப்பட்ட பட்நாகர் விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அது தரப்பட்டது. 1958-ல் தொடங்கிய அந்த விருதை 1961-ல் ரசாயன விஞ்ஞானி அசீமா சாட்டர்ஜி பெற்றார். அடுத்த பெண்ணாக அர்ச்சனா சர்மா பெற்றது 1975-ல். நடுவில் பதினான்கு வருடங்கள் ஒருவரும் இல்லை. பௌதிகப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு, அதிதி சென் டேவுக்கு, அந்த விருது கிடைக்க 2018 வரை ஆனது. அறுபது வருடங்கள்! இந்தியாவில் அதற்கு முன் நல்ல பெண் பௌதிக விஞ்ஞானிகளே இல்லை என்று யாராவது நம்பத் தயாரா?

எழுதப்படாத விதிகளும் உண்டு. கணவன், மனைவி இருவரும் ஒரே துறையில் தகுதி பெற்றவர்கள் என்றால், ஒரே நிறுவனத்தில் இருவருக்கும் வேலை தருவதைப் பல இடங்களில் தவிர்ப்பார்கள். 'உறவுக்காரர்கள் வேண்டாம்' என்ற கொள்கை கேட்பதற்கு நேர்மையானதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் கணவருக்கு நிரந்தர வேலை, மனைவிக்கு மூன்று வருட புராஜெக்ட், அது முடிந்தால் இன்னொரு புராஜெக்ட் என்று முடியும். நேர்முகத் தேர்வில் ஆணிடம் அடுத்த ஐந்து வருடத்தில் என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். பெண்ணிடம் கல்யாணம் எப்போது, கணவருக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்பார்கள். கேட்கும் குழுவில் ஒரு பெண்கூட இல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

மாணவியாக இருக்கும்போதே இதற்கு ஒத்திகை நடந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்குக் கடிகாரம் கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை கவனிக்க வேண்டிய சோதனைகள் உண்டு. பெண்கள் விடுதியின் கதவு அதற்குள் பூட்டப்பட்டுவிடும். 2015-ல் தில்லி மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்' என்று, அதாவது கூண்டை உடை என்று, ஓர் இயக்கம் தொடங்கியது இந்தப் பூட்டுக்கு எதிராகத்தான். பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்பார்கள். ஆபத்து வெளியே இருந்தால் வெளிச்சம் போடலாம், வண்டி விடலாம். பூட்டுவது எளிது, செலவும் குறைவு.

சட்டமும் நீண்ட காலம் இதே பாதுகாப்பைத்தான் பேசியது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் காலை ஆறு மணி முதல் இரவு ஏழு மணி வரை மட்டுமே பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. ஷிப்ட் முறையில் ஓடும் ஆலையில் அந்த நேரத்துக்குள் மட்டும் வரக்கூடிய என்ஜினீயரை எந்த மேலாளர் எடுப்பார்? கொத்தடிமைபோல வேலை வாங்கப்பட்ட பெண் தொழிலாளிகளைக் காப்பாற்ற அந்த விதி தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. அதே விதி பட்டம் பெற்ற பெண்ணின் வேலையைப் பறித்தது என்பதையும் மறுக்க முடியாது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1952-ன் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யவே தடை போட்டது. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்காகப் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று 2019-ல்தான் மத்திய அரசு வழி திறந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்ணின் சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் இருந்தால் இரவுப் பணியை அனுமதிக்கிறது. சட்டப் புத்தகத்தில் 'ஹி' ஒருவழியாக அடிக்கப்பட்டிருக்கிறது. வேலைத் தளத்தில் கழிப்பறையும், இரவு வண்டியும், பெண்ணின் அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்புக் காலணியும் வரும்போதுதான் அது முழுமையாகும்.

'தகுதி இருந்தால் யார் தடுக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் ஐ.ஐ.டி.க்களின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 2017-ல் அங்கே பி.டெக். சேர்ந்தவர்களில் பெண்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். ஆண்களுக்கு இருந்த இடங்கள் குறைக்கப்படவில்லை. நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் அந்தக் கூடுதல் இடங்களும். 2020-ல் பெண்களின் பங்கு கிட்டத்தட்ட இருபது சதவீதமானது. இரண்டு மூன்று வருடத்தில் இந்தியப் பெண்களின் மூளை இரு மடங்கு வளர்ந்துவிடவில்லை. தகுதி பெற்றும் தூரத்து ஐ.ஐ.டி.யோ பிடிக்காத பிரிவோ கிடைத்ததால் வராமல் போனவர்களுக்கு ஒரு கதவு திறந்தது, வந்தார்கள். பையனை இரண்டு வருடம் கோட்டாவுக்கு அனுப்பக் கடன் வாங்கும் குடும்பம், பெண்ணுக்கு உள்ளூர்க் கல்லூரி போதும் என்று சொல்லும் நாட்டில், தேர்வுத் தாள் ஒன்றுதான் என்பதால் போட்டி சமமாகிவிடாது.

சரி, பெண்கள் சாதித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று தோன்றலாம். உண்மைதான். சந்திரயான்-2-ன் திட்ட இயக்குநர் எம். வனிதா. மிஷன் இயக்குநர் ரிது கரிதால். 2023-ல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர்., 1942-ல் தொடங்கி எண்பது ஆண்டுகள் கழித்து 2022-ல்தான் ஒரு பெண்ணைத் தலைவராகப் பெற்றது. அவர் அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ் வழியில் படித்த ந. கலைச்செல்வி.

ஆனால் இவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாய்க் கிரகத்தை அடைந்தபோது, பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகச் சில பெண்கள் சிரித்து மகிழும் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. 'இந்தியாவின் ராக்கெட் பெண்கள்' என்று கொண்டாடினோம். படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் என்று பிறகு இஸ்ரோ விளக்கியது. பெண் விஞ்ஞானிகள் கட்டுப்பாட்டு அறையில் தங்கள் வேலையில் இருந்தார்கள். புடவைக்கும் பூவுக்கும் நான் எதிரி அல்ல. கொண்டாடும் அவசரத்தில், உள்ளே உழைத்தவர்களின் பெயரைக்கூட விசாரிக்கத் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். இஸ்ரோவின் தலைவர் பதவிக்கு, 2025 ஜனவரியில் பொறுப்பேற்றவர் வரை, ஒரு பெண்ணும் வந்ததில்லை என்பதையும் அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பக் காரணங்களால் ஆராய்ச்சியை விட்டவர்கள் திரும்பி வர மத்திய விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை 2002-03-லேயே உதவித் திட்டம் தொடங்கியது. பல பெண்கள் அதனால் மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். குறை என்னவென்றால் அது தருவது குறிப்பிட்ட காலத்துக்கு உதவித்தொகை, வேலை அல்ல. அது முடிந்ததும் மறுபடி அதே வயது வரம்பு, அதே நேர்முகக் குழு. 2020-ல் 'கதி' என்ற திட்டத்தில் முப்பது நிறுவனங்கள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ள முன்வந்தன. பெண்ணைத் திருத்துவதை விட்டு நிறுவனத்தைத் திருத்தும் எண்ணம் அதில் இருக்கிறது. சரியான திசை என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடாமல், பி.எச்டி. முடித்த பின் உண்மையில் ஆராய்ச்சி செய்த வருடங்களைக் கணக்கிடலாம். தேர்வுக் குழுவில் பெண்கள் இல்லாமல் நேர்முகம் நடத்தக் கூடாது என்று விதி போடலாம். கல்யாணத்தைப் பற்றிய கேள்விக்குத் தடை போடலாம். வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கலாம். அதை அம்மாக்களுக்கு மட்டும் அல்லாமல் அப்பாக்களுக்கும் திறந்துவிடலாம். லலிதாவுக்குச் சிம்லாவிலும் கல்கத்தாவிலும் சகோதரர்கள் இருந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் எல்லா ஊரிலும் அண்ணன் தம்பி இருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கை வெளியே வைக்க வேண்டும். ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த பிப்ரவரி 28-ஐ 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். 2020-ல் அந்த நாளின் மையப் பொருளே 'விஞ்ஞானத்தில் பெண்கள்'. அடுத்த பிப்ரவரியில் உங்கள் ஊர்க் கல்லூரியிலோ ஆய்வு நிறுவனத்திலோ விழா நடந்தால் போய் உட்காருங்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த பத்து வருடத்தில் உங்களிடம் பி.எச்டி. வாங்கிய பெண்கள் எத்தனை பேர்? அதே பத்து வருடத்தில் நீங்கள் நிரந்தர வேலைக்கு எடுத்த பெண்கள் எத்தனை பேர்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

முதல் கேள்விக்குப் பதில் உடனே கிடைக்கும். பெருமையாகவும் சொல்வார்கள். இரண்டாவதற்குக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்பார்கள். மூன்றாவது கேள்விக்குச் சபையில் பதில் சொல்லக்கூடிய ஒரு நிறுவனம் உங்கள் ஊரில் இருந்தால் அதன் பெயரை எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு நிச்சயம் இடம் உண்டு.